அயர்லாந்து ஊர்ப்புறச் சமூக மானியங்கள்: முதன்முறை விண்ணப்பிக்கும் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்தில் ஊர்ப்பொது வேலைகளுக்கு அரசு தரும் மானியம் பெரும்பாலும் கடைசியில்தான் கைக்கு வரும். வேலை முடிய வேண்டும், ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். சமுதாயக் கூடத்துக்குக் கூரை மாற்றினாலும் சரி, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்தாலும் சரி, இதுதான் நடைமுறை. ஆகவே படிவத்தைத் தேடும் முன்பே மூன்று காரியங்கள் தயாராக இருக்க வேண்டும்: முறையாக நடக்கும் ஒரு குழு, இடத்தின் மீது எழுத்துமூலமான உரிமை, மானியம் வரும்வரை தாக்குப்பிடிக்கும் பணம். இந்த மூன்றும் இருந்தால் படிவம் நிரப்புவது சில மாலை நேர வேலை. இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கோப்பு நகராது.

இங்கே சொல்வதெல்லாம் குடியரசின் 26 கவுன்ட்டிகளுக்கு. வட அயர்லாந்தின் திட்டங்களும் அலுவலகங்களும் முற்றிலும் வேறு.

எந்த வேலைக்கு எந்த வாசல்

திட்டங்களின் பெயர்ப் பட்டியல் நீளமானது. ஆனால் உங்கள் குழு நேராக விண்ணப்பிக்கக் கூடியவை, கவுன்ட்டி கவுன்சில் (மாவட்ட உள்ளாட்சி மன்றம்) வழியாக மட்டுமே போகக் கூடியவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நேராக விண்ணப்பிக்கக் கூடியவற்றில் பெரியது லீடர். ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் தொடங்கிய ஊரக வளர்ச்சித் திட்டம் இது. அயர்லாந்தில் 2023–2027 காலத்துக்கு 18 கோடி யூரோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்ச் செயற்குழு ஒன்று தனக்கென வளர்ச்சித் திட்டம் வகுத்து, அதற்குள் அடங்கும் வேலைகளுக்குப் பணம் தரும். அன்றாட வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் உள்ளூர் வளர்ச்சி நிறுவனங்கள். வட கார்க் பக்கம் டூஹாலோ, லிமெரிக்–கார்க் எல்லையில் பாலிஹூரா போன்றவை இதில் நெடுங்காலமாகப் பழகியவை. சமூகக் குழுவின் கட்டுமான வேலைக்குச் செலவில் 75% வரை கிடைக்கலாம். தனியார் தொழிலுக்கு 50% வரை. உச்சவரம்பும் முன்னுரிமைகளும் பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால், பக்கத்துக் கவுன்ட்டியில் யாரோ வாங்கியதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

கவுன்சில் வழியாகப் போகிறவை: 2016-இல் வந்த டவுன் அண்ட் வில்லேஜ் ரினியூவல் திட்டம், மக்கள்தொகை பெரிதும் குறைந்த பகுதிகளுக்கான கிளார், நடைபாதை, சைக்கிள் பாதை, நீர்விளையாட்டு இடங்களுக்கான ஓரிஸ். டவுன் அண்ட் வில்லேஜிலும் கிளாரிலும் செலவில் 90% வரை அரசு ஏற்கிறது. லீடரை விட இது தாராளம் என்று தோன்றும். ஆனால் இவற்றில் அரசின் ஊரக வளர்ச்சித் துறைக்கு விண்ணப்பம் அனுப்புவது நீங்கள் அல்ல, கவுன்சில்தான். ஊரூராக வரும் யோசனைகளிலிருந்து கவுன்சில் சிலவற்றைப் பொறுக்கி மேலே அனுப்பும். அறிவிப்பு வந்தபின் உள்ளூர் கெடு சில வாரங்களே இருக்கும். அந்தச் சில வாரத்துக்குள் வரைபடம் போட்டு, நில உரிமையாளரைப் பிடித்துக் கையெழுத்து வாங்க முடியாது. கவுன்சிலின் ஊரக வளர்ச்சி அலுவலர் யாரென்று இப்போதே தெரிந்துகொண்டு, அறிவிப்பு இல்லாத மாதங்களில் போய்ப் பேசி, உங்கள் யோசனையை அவர் மனதில் பதிய வைப்பதுதான் வழி. கிளாரைப் பொறுத்தவரை உங்கள் ஊர் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். ஒரே ஊராட்சிப் பரப்பில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்பதெல்லாம் சாதாரணம்.

புல்வெட்டும் எந்திரம், நாற்காலி, மடிக்கணினி போன்ற சிறு தேவைகளுக்கு லோக்கல் என்ஹான்ஸ்மென்ட் புரோகிராம் இருக்கிறது. முன்பு கம்யூனிட்டி என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் இருந்தது. புதுக் குழு இங்கிருந்து தொடங்குவது நல்லது. சில நூறு யூரோவைச் சரியாகச் செலவழித்துக் கணக்கு ஒப்படைத்த குழு என்ற பெயர், அடுத்த பெரிய விண்ணப்பத்துக்கு உண்மையிலேயே உதவும்.

பலர் எட்டிப்பார்க்காத இன்னொரு வாசல் காற்றாலைகள். அரசின் ரெஸ் என்ற புதுப்பிக்கத்தக்க மின்சார ஆதரவுத் திட்டத்தின் கீழ் கட்டப்படும் காற்றாலைகளும் சூரிய மின் பண்ணைகளும், தயாரிக்கும் ஒவ்வொரு மெகாவாட் மணிக்கும் 2 யூரோவைச் சமூக நிதிக்குத் தர வேண்டும். 50 மெகாவாட் காற்றாலை ஒன்று தன் திறனில் 30% ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,31,400 மெகாவாட் மணி, அதாவது சுமார் 2,62,800 யூரோ. இதில் குறைந்தது 40% லாப நோக்கமற்ற சமூக அமைப்புகளுக்குப் போக வேண்டும். உங்கள் ஊருக்கருகே இப்படி ஒன்று வந்திருந்தால் அதன் நிதியை யார் நிர்வகிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

விளையாட்டுக்கு கம்யூனிட்டி ஸ்போர்ட் ஃபெசிலிட்டீஸ் ஃபண்ட் (முன்பு ஸ்போர்ட்ஸ் கேபிட்டல்), பழைய கட்டடம், கல்லறைத் தோட்டம், ஊர் வரலாறு ஆகியவற்றுக்கு ஹெரிடேஜ் கவுன்சில், ஐரிஷ் மொழி பேசும் கேல்டாக்ட் பகுதிகளில் ஊடராஸ் நா கேல்டாக்டா என்ற அரசு அமைப்பு. இவை தனி உலகங்கள்.

குழுவை நிற்க வைப்பது

புதிதாக ஒரு கிராமத்தில் குடியேறியவர் உடனே தனிச் சங்கம் தொடங்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லா ஊரிலும் ஒரு டைடி டவுன்ஸ் (ஊர்த் தூய்மை, அழகுப் போட்டி) குழுவோ, கூடத்தைப் பராமரிக்கும் கமிட்டியோ, ஜிஏஏ எனும் ஐரிஷ் பாரம்பரிய விளையாட்டுச் சங்கத்தின் கிளப்போ இருக்கும். டைடி டவுன்ஸ் 1958 முதல் நடக்கிறது. அந்தக் கமிட்டிகளில் பலவற்றுக்குச் செயலாளராகவோ பொருளாளராகவோ உட்கார ஆள் கிடைக்காமல் திண்டாட்டம். மின்னஞ்சலும் எக்செல்லும் கைப்பழக்கமான ஒருவர் வந்தால் இரு கை நீட்டி வரவேற்பார்கள். புதுச் சங்கத்துக்குப் பல ஆண்டு பிடிக்கும் நம்பிக்கை, பழைய கமிட்டிக்கு ஏற்கெனவே இருக்கிறது. மதிப்பெண் போடுகிறவர்களும் ஊர் முழுவதும் சேர்ந்து கேட்கும் வேலையைத்தான் விரும்புவார்கள்.

தனிக் குழு தேவைப்பட்டால் முதலில் எழுதப்பட்ட விதிகள் வேண்டும். குழுவின் நோக்கம், உறுப்பினர் யார், தேர்தல் எப்படி, லாபம் பங்கிடப்படாது, கலைக்கும்போது சொத்து இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு வரிகளும் இல்லாததால் திரும்பி வரும் விதிப்புத்தகங்கள் நிறைய. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்ததற்கான மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வேண்டும். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு பேர் ஒப்புதலோடு இயங்க வேண்டும். கணக்குத் திறக்க வங்கிகள் எடுத்துக்கொள்ளும் காலம் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். உள்ளூர் கிரெடிட் யூனியனையும் (கூட்டுறவுச் சேமிப்புக் கடன் சங்கம்) கேட்டுப் பாருங்கள்.

பிறகு பிபிஎன் பதிவு. 2014 முதல் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதியிலும் இருக்கும் பொதுமக்கள் பங்கேற்பு வலையமைப்பு இது. கட்டணம் கிடையாது. மானிய அறிவிப்புகள் மின்னஞ்சலில் வருவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

வருவாய்த் துறையிடம் குழுவுக்கு ஒரு வரி எண் வாங்குங்கள். 12 மாதங்களில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் மானியம் பெற வரித் தெளிவுச் சான்று கட்டாயம். பெரிய கட்டட வேலைக்கு இறங்கினால் குழுவை உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக, அதாவது சிஎல்ஜியாக மாற்றுவது நல்லது. பதிவு செய்யாத சங்கத்தில் ஒப்பந்தக்காரர் வழக்குப் போட்டால் கமிட்டி உறுப்பினர்கள் சொந்தப் பொறுப்பில் மாட்டிக்கொள்வார்கள். நோக்கம் அறப்பணி வரையறைக்குள் வந்தால் அறப்பணி ஒழுங்காணையத்தில் பதிய வேண்டும். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் ஆண்டறிக்கை தர வேண்டும். அந்தப் பதிவேடு பொதுவில் இருக்கிறது. மானியம் தருகிறவர் திறந்து பார்க்கையில் அறிக்கை பாக்கி என்று தெரிந்தால், நீங்கள் விளக்கம் சொல்லும் முன்பே மதிப்புக் குறைந்துவிடும்.

இதற்கெல்லாம் கைகொடுக்க ஆள் வேண்டுமா? சிக்காப் என்ற சமூக உள்ளடக்கத் திட்டம் வழியாக உள்ளூர் வளர்ச்சி நிறுவனங்கள் புதுக் குழுக்களுக்கு இலவசமாக உதவுகின்றன. புலம்பெயர்ந்தோர் குழுக்களும் இதில் அடக்கம்.

இடம் யாருடையது

கிராமக் கூடம் ஊருடையது என்று எல்லோரும் சொல்வார்கள். பத்திரத்தைப் பார்த்தால் மறைமாவட்ட அறக்கட்டளையின் பெயரோ, எப்போதோ இறந்துபோன மூன்று பொறுப்பாளர்களின் பெயரோ இருக்கும். இதைச் சரிசெய்ய வழக்கறிஞருக்கு மாதங்கள் பிடிக்கும், ஆகவே முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை இது. சொந்தமில்லாவிட்டால் குத்தகைப் பத்திரம் போதும். ஆனால் லீடரில் கடைசித் தவணை கைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அதில் மீதமிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து கணக்கிட்டுவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு. வேலை முடிய இரண்டாண்டு ஆகலாம் என்பதால், பத்தாண்டுக் குத்தகை கேட்டு வாங்கிவிடுங்கள்.

நடைபாதை வேலையில் பாதை கடக்கும் ஒவ்வொரு வயலின் உரிமையாளரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாதை அங்கே அறுந்துவிடும். விவசாயியின் முதல் கவலை காப்புறுதி, இரண்டாவது கவலை ஆட்டை விரட்டும் நாய்கள். இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு நேரில் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பேசுங்கள். கடிதத்தில் கேட்டால் 'யோசிக்கிறேன்' என்பதோடு நின்றுவிடும்.

திட்ட அனுமதி தேவையா என்பதில் ஊகம் வேண்டாம். தேவையில்லை என்று நினைத்தால் அதைக் கவுன்சிலிடமே எழுத்தில் வாங்குங்கள். 'செக்‌ஷன் 5' என்று வழக்கத்தில் சொல்லும் இந்த விண்ணப்பத்துக்கு 80 யூரோ கட்டணம், பதில் சுமார் 4 வாரத்தில். முழு அனுமதியானால் எதிர்ப்பு ஏதும் இல்லாவிட்டாலும் முடிவுக்கு 8 வாரம், மேல்முறையீட்டுக் காலம் 4 வாரம்.

இயற்கைப் பாதுகாப்பு விதிகள் கால அட்டவணையையே புரட்டிப்போடும். பழைய கூரைகளில் வௌவால்கள் குடியிருக்கும். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, தேசியப் பூங்கா சேவையின் உரிமம் இல்லாமல் அவற்றின் இருப்பிடத்தைக் கலைக்க முடியாது. குட்டி போடும் கோடையில் கூரையைத் தொடுவது இன்னும் சிக்கல். வேலிச்செடிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டக் கூடாது. ஆற்றங்கரைகள் பல ஐரோப்பியச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளுக்குள் இருப்பதால் அங்கே சுற்றுச்சூழல் ஆய்வு கேட்பார்கள். அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

தேவையை நிரூபிப்பது

'எங்கள் ஊருக்கு இது மிகவும் தேவை' என்ற வரிக்கு மதிப்பெண் இல்லை. 2022 கணக்கெடுப்பிலிருந்து உங்கள் பகுதியின் மக்கள்தொகை, வயது விவரம், பொபால் என்ற அரசு நிதி நிர்வாக அமைப்பின் வரைபடத்திலிருந்து பின்தங்கிய நிலைக் குறியீடு ஆகியவற்றை எடுங்கள். இரண்டும் இலவசம். அதோடு கூடத்தின் முன்பதிவுப் புத்தகம்: எந்தெந்த நாள் யார் பயன்படுத்துகிறார்கள், குளிரால் எத்தனை வகுப்பு ரத்தானது, எரிபொருள் செலவு எவ்வளவு. வீட்டுக்கு வீடு சிறு கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில்கள் இருந்தால் கோப்பு கனமாகும். உள்ளூர்ப் பள்ளி, ஓய்வுபெற்றோர் (ஆக்டிவ் ரிட்டயர்மென்ட்) குழு, விளையாட்டுக் கிளப் ஆகியோரிடம் ஆதரவுக் கடிதம் வாங்கும்போது, 'வாரம் இரண்டு மாலை பயன்படுத்துவோம்' என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பிடுகிறவர்கள் இரண்டு கேள்வியோடு படிப்பார்கள். மானியம் இல்லாமலே இந்த வேலை நடந்துவிடுமா? இதனால் பக்கத்துக் கடைக்காரரின் பிழைப்பு கெடுமா? கூடத்தில் காபிக் கடை வைக்க நினைக்கும் குழு, தெருவில் ஏற்கெனவே இருக்கும் காபிக் கடைக்காரரிடம் பேசி ஒரு கடிதம் வாங்கி இணைத்தால் இரண்டாவது கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

விலைப்புள்ளியும் பணக்கணக்கும்

சிறு வேலைக்கும் பொருளுக்கும் எழுத்தில் மூன்று விலைப்புள்ளியாவது வேண்டும். தொகை பெரிதானால் அரசின் ஈடெண்டர்ஸ் தளத்தில் விளம்பரம் செய்ய வேண்டும். வரம்பு எவ்வளவு என்பதை உங்கள் திட்டத்தின் நடப்பு விதியில் பாருங்கள். மூவருக்கும் ஒரே வேலைக் குறிப்பைக் கொடுங்கள். ஒருவர் 100 மில்லிமீட்டர் தடிப்பிலும் இன்னொருவர் 300 மில்லிமீட்டரிலும் கூரைக் காப்புக்கு விலை சொன்னால் அந்த இரண்டையும் ஒப்பிட முடியாது, கோப்பு திரும்பி வரும். ஒவ்வொன்றிலும் தேதி, செல்லுபடிக் காலம், வாட் (மதிப்புக் கூட்டு வரி) எண், வரி தனியாக இருக்க வேண்டும். கமிட்டி உறுப்பினரின் உறவினர் விலை கொடுத்தால் அந்த உறுப்பினர் முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து விலகி, அது மினிட்ஸில் பதிவாக வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் உறவினர்தான் என்பது உண்மை. விலகியதை எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

ஒரு கூடத்துக்குச் சீரமைப்பு வேலை என்று வைத்துக் கணக்கைப் பார்ப்போம். வரி இல்லாமல் 70,000 யூரோ. கட்டுமானத்துக்கு வாட் 13.5% என்பதால் 9,450 சேர்ந்து 79,450. வாட் திரும்பப் பெற முடியாத குழு என்றால் வரியும் மானியச் செலவில் சேரும். 75% என்றால் மானியம் 59,587.50, ஊர்ப் பங்கு 19,862.50.

ஊர்ப் பங்கை மட்டும் சேர்த்துவிட்டு 'பணம் தயார்' என்று நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. வேலை முழுவதும் முடிந்து ஒரே கோரிக்கையாக அனுப்பினால் 79,450 யூரோவையும் முதலில் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு கட்டமாகப் பிரித்து, 40,000 செலவானதும் முதல் கோரிக்கையை அனுப்பி 30,000 வாங்கிவிட்டால், உச்சத்தில் உங்கள் கையிலிருந்து வெளியே நிற்கும் தொகை 49,450 ஆகக் குறையும். எத்தனை தவணை அனுமதி என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். மிச்சத்துக்கு இடைக்காலக் கடன்: கிளான் கிரெடோ, கம்யூனிட்டி ஃபைனான்ஸ் அயர்லாந்து இரண்டும் இதற்கென்றே சமூகக் குழுக்களுக்குக் கடன் தருகின்றன. மானியக் கடிதத்தைக் காட்டிக் கேட்கலாம். கட்ட வேண்டிய வட்டியை ஊர்ப் பங்கோடு சேர்த்துத் திரட்டுங்கள். பொது இடத்தில் உண்டியல் வசூலுக்குக் கார்டா (காவல்துறை) அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரே செலவை இரண்டு இடத்தில் கோரக் கூடாது. ஊர்ப் பங்குக்கு வேறொரு அரசுப் பணத்தைக் காட்ட எண்ணினால், கூடுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

விருப்பத் தெரிவிப்பிலிருந்து ஒப்பந்தம் வரை

லீடரில் முதல் தாள் ஒரு குறுகிய விருப்பத் தெரிவிப்பு. யோசனை தகுதியுடையதா என்று மட்டும் பார்ப்பார்கள். தகுதி என்று பதில் வந்தால் வளர்ச்சி அலுவலர் ஒருவர் உங்களோடு முழு விண்ணப்பத்தில் உட்காருவார். அவரைத் தேர்வாளராக எண்ணி ஒதுங்க வேண்டாம். சந்தேகங்களை அவரிடம் கேட்டே தீர்த்துக்கொள்ளுங்கள். பின்பு மதிப்பீட்டுக் குழு, அதன் பின் செயற்குழுவின் முடிவு.

வாக்குறுதிக் கடிதம் வந்ததும் ஒப்பந்தக்காரரை அழைத்துவிடத் தோன்றும். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் வரை ஒரு செங்கல் கூட வைக்க வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். அதற்கு முன் செலவானது மானியத்தில் சேராது. ஒரே ஒரு இன்வாய்ஸின் தேதி ஒரு நாள் முந்தியிருந்தாலும் அந்தத் தொகை போய்விடும்.

கட்டுமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தக்காரர்கள் இருந்தாலோ வேலை 30 வேலைநாளுக்கு மேல் போனாலோ, வேலை கொடுக்கும் குழுதான் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் பாதுகாப்பு மேற்பார்வையாளர்களை எழுத்தில் நியமிக்க வேண்டும். பல கமிட்டிகளுக்கு இது தங்கள் பொறுப்பு என்றே தெரியாது.

பணத்தைக் கோருவது

ஒவ்வொரு செலவுக்கும் தனி உறை போடுங்கள். அதில் இவை வரிசையாக இருக்க வேண்டும்:

- வேலைக் குறிப்பு, வந்த விலைப்புள்ளிகள்
- யாரைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் என்ற மினிட்ஸ் பக்கம்
- ஒப்பந்தக்காரரின் வரித் தெளிவு, காப்புறுதி
- குழுவின் பெயருக்கு எழுதிய இன்வாய்ஸ்
- குழுவின் கணக்கிலிருந்து பணம் போனதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட் வரி
- வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்

பொருளாளர் தன் சொந்த அட்டையில் வாங்கிவிட்டுப் பிறகு குழுவிடம் வாங்கிக்கொள்வது கோரிக்கையில் செல்லாது. ரொக்கமும் செல்லாது. இன்வாய்ஸில் செயலாளரின் சொந்தப் பெயர் இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே மாற்றி வாங்குங்கள். வேலை நடுவில் மாறுவது இயல்பு: தரையைத் தோண்டினால் ஈரம் இருக்கும், சன்னல் அளவு மாறும். மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். கூடுதல் செலவுக்குக் கூடுதல் மானியம் கிடைப்பது அரிது என்பதால் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகை வைத்திருப்பது அவசியம்.

கடைசிக் கோரிக்கைக்கு முன் அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். ஐரோப்பியக் கொடியும் லீடர் சின்னமும் உள்ள பலகை சுவரில் இருக்கிறதா என்பதும் அவர் பார்க்கும் விஷயங்களில் ஒன்று. பணம் வர வாரங்கள் ஆகும், ஒரு தாள் குறைந்தால் மாதங்கள்.

பணம் வந்தபின்னும் கூடத்தைக் குறைந்தது 5 ஆண்டு சொன்ன நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். விற்றாலோ வேறு வேலைக்கு மாற்றினாலோ மானியத்தைத் திரும்பக் கேட்கலாம். தணிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அசல் கோப்பைச் செயலாளர் வீட்டு மாடியில் விடாமல் கூடத்தின் பூட்டிய அலமாரியில் வையுங்கள், ஸ்கேன் செய்த படியைக் குழுவின் பொது மின்னஞ்சல் கணக்கில் ஏற்றுங்கள். பொறுப்பாளர்கள் மாறும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த அலமாரிச் சாவியையும் கடவுச்சொல்லையும் கைமாற்றியதை மினிட்ஸில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.